புல்லட் சூடானதும் மலையேற்றத்துல நின்னுடுது, உதவி வேணும்

அரவேணு350:
அண்ணாமார்களே, அவசரம். புல்லட்டை முழுசா பிரிச்சு வீட்டு ஷெட்லயே கட்டினேன். காலைல ஒரே கிக்கில ஸ்டார்ட் ஆகுது, ஐடிலிங் அருமையா நிக்குது. மலை ஏறும்போது சூடானதும் இழுவை குறைஞ்சுகிட்டே வந்து அப்படியே அணைஞ்சுடுது. இருபது நிமிஷம் ஆறவிட்டா மறுபடி நல்லா ஓடுது. பிளக் புதுசு, கார்ப்ரேட்டர் கழுவியாச்சு. ஞாயித்துக்கிழமை கோத்தகிரி பக்கத்துல இருந்து கீழ மேட்டுப்பாளையம் போயிட்டு வந்தாகணும். என்னவா இருக்கும்?

கொடநாடு_காத்து:
எந்த வருஷ வண்டி? 350ஆ 500ஆ? பொறிக்கு பாயின்ட்டா (திறந்து மூடுற முனை), சிடிஐயா (எலக்ட்ரானிக் பெட்டி)? 6 வோல்ட்டா 12 வோல்ட்டா? ரீபோர் (சிலிண்டரைக் கடைஞ்சு பெருசாக்கறது) போட்டீங்களா? கட்டின பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு? எந்த இடத்துல நிக்குது, எந்த கியர்ல? இதைச் சொன்னாதானே யோசிக்க முடியும்.

பாயின்ட்_பிரியன்:
கண்டென்சர், பாயின்ட்டோட சேர்ந்து வேலை செய்யற சின்ன கரன்ட் தேக்கி. வேற எதையும் தொடாதீங்க. சூடானா போறது, ஆறினா வர்றது எல்லாம் அதோட குணம். உள்ள சுருட்டி வெச்சிருக்கிற தகட்டுக்கு நடுவுல இருக்கிற இன்சுலேஷன் சூட்டுல கசிய ஆரம்பிக்கும். அப்புறம் பாயின்ட் திறக்கிறப்ப கரன்ட் சட்டுனு அறுபடாது, முனையிலயே பொறியா எரிஞ்சு போயிடும். பிளக்குக்கு கரன்ட் அனுப்பற காயில்ல வோல்டேஜ் ஏறாது.

வண்டி நின்ன கையோட டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழட்டுங்க. பாயின்ட் மூடியிருக்கிற நிலையில சாவியைப் போட்டு, திருப்புளியால திறந்து திறந்து பாருங்க. முனையில தடிச்ச பொறி பறந்து, பிளக்ல மட்டும் மெலிசா மஞ்சளா வந்தா கண்டென்சர் அவ்வளவுதான். 0.2 மைக்ரோஃபேரட் கண்டென்சர் ஒண்ணை வெளியில, இன்ஜின் சூடு படாத இடத்துல மாட்டுங்க. கண்டென்சரோட உடம்பு வண்டியில எர்த் ஆகணும். பழையதோட வயரைக் கழட்டிடணும், ரெண்டையும் சேர்த்து விடக்கூடாது. அப்படியே பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள்ள இருக்கான்னும் பாருங்க.

ஊட்டி_மேல்மேடு:
எனக்கு இது உயரத்துப் பிரச்சினைனுதான் படுது. மேட்டுப்பாளையம் சுமார் 320 மீட்டர், கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர். மேல வர வர காற்றோட அடர்த்தி குறையும். கோத்தகிரியில கடல் மட்டத்தை விட சுமார் 16 சதவீதம் கம்மி. ஆனா கார்ப்ரேட்டர் பெட்ரோலை அதே அளவுக்குக் குறைக்காது. கணக்குப் போட்டா கலவை 9 சதவீதம் வரைக்கும் கெட்டியாகும், அதாவது காத்துக்கு பெட்ரோல் கூடிடும். ஊட்டியில 12 சதவீதத்துக்குப் பக்கம். பிளக் ஈரமில்லாம புகைக்கரி மாதிரி கறுத்திருந்தா இதேதான். கார்ப்ரேட்டருக்குள்ள பெட்ரோல் அளவை வெக்கிற நீடிலோட கிளிப்பை ஒரு பள்ளம் மேல ஏத்துங்க, நீடில் இறங்கும், கலவை இளகும். ஏர் ஸ்க்ரூ ஒன்றரைச் சுத்துல இருந்தா இன்னும் கால் சுத்து வெளிய விடுங்க.

மெயின் ஜெட்டை (பெட்ரோல் வர்ற பெரிய துளை) மட்டும் அவசரப்பட்டு சின்னதாக்காதீங்க. மேல சரியா இருக்கிற ஜெட், கீழ சமவெளியில முழு த்ராட்டில்ல பிஸ்டனைச் சுட்டுடும்.

அரவேணு350:
நன்றி அண்ணா. 1986, 350, பாயின்ட், 12 வோல்ட். ரீபோர் போட்டு புது பிஸ்டன், வால்வும் புதுசு, வால்வு உட்கார்ற சீட்டும் கிரைண்டிங் பண்ணியாச்சு. 180 கிமீ ஓடியிருக்கு. மேட்டுப்பாளையத்துல இருந்து வரும்போது குஞ்சப்பனை தாண்டினதும் நிக்குது, ரெண்டாவது கியர். பிளக் காப்பிக்கொட்டை நிறம். கண்டென்சர் போன வாரம்தான் மாத்தினேன்.

பாயின்ட்_பிரியன்:
போன வாரம் மாத்தினதுனால நல்லதுன்னு ஆயிடாது. கடையில இப்ப கிடைக்கிற கண்டென்சர்ல புதுசே பாதி சரியில்ல. இன்னொண்ணு போட்டுப் பாருங்க.

பழைய_பட்டறை:
தம்பி, "முழுசா கட்டினேன்" என்று எழுதினால் பட்டறைக்காரனுக்கு ஒன்றும் விளங்காது. நோயாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தால் வைத்தியன் எங்கே வலிக்கிறது என்றுதான் முதலில் கேட்பான். இங்கே நாலு பேர் மருந்தை எழுதிக்கொடுத்தாகிவிட்டது. நின்றுபோன இன்ஜினில் பார்க்க வேண்டியவை மூன்றுதான்: பொறி, பெட்ரோல், காம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவை அமுங்கும் அழுத்தம்). நின்ற அந்த நிமிஷத்திலேயே பார்க்க வேண்டும், ஆறின பிறகு பார்த்துப் பயனில்லை. பிளக்கைக் கழற்றி ஹெட்டில் சாய்த்து வைத்துப் பொறி வருகிறதா? கார்ப்ரேட்டரில் இருக்கும் டிக்கிளர் பித்தானை அமுக்கினால் பெட்ரோல் வழிகிறதா? கிக்கர் காலுக்கு எப்படி இருந்தது, கெட்டியாகவா, லேசாகவா, அசையவே இல்லையா?

இன்னொன்று. ஸ்டாண்டர்டு வண்டியில் எதையெல்லாம் மாற்றினீர்கள்? ஒன்றுவிடாமல் சொல்லுங்கள்.

அரவேணு350:
மாத்தினதெல்லாம் சம்பந்தமில்லைன்னு விட்டுட்டேன். ஏர் பில்டர் டப்பாவை எடுத்துட்டு கோன் பில்டர். குட்டை சைலன்சர். டேங்க் பெயின்ட் அடிச்சு புது மூடி போட்டது. உயரமான ஹேண்டில்பார். முன்னாடி மட்கார்டு குறைச்சது. அவ்ளோதான். பொறி வந்துச்சு, நல்ல நீலம். பெட்ரோலும் வழிஞ்சுது. கிக் ரொம்ப லேசா இறங்குச்சு, டிகாம்ப்ரஷன் லிவரை (எக்சாஸ்ட் வால்வைத் தூக்கி அழுத்தத்தை விடறது) பிடிச்சுகிட்டு உதைக்கிற மாதிரி. ஆறினதும் சரியாயிடுச்சு.

கோடை_மூடுபனி:
டேங்க் மூடி! புது மூடியில காத்துத் துளை அடைஞ்சிருக்கும், இல்லேன்னா பெயின்ட் உள்ள போயிருக்கும். டேங்க்ல காத்து புகாம பெட்ரோல் இறங்காது. வத்தலகுண்டு ரோட்ல ஏறும்போது அடிக்கடி பார்க்கிற கேஸ். நின்னதும் மூடியைத் திறங்க, "உஸ்"னு சத்தம் வந்தா அதேதான்.

டக்டக்_ரசிகன்:
குட்டை சைலன்சர்ல உள்ள பேஃபிள் (சத்தத்தை அடக்கற தகடு) இருக்கா? எடுத்துட்டா புல்லட்டுக்கே உரிய சத்தம் வரும், இழுவையும் கூடும். கோன் பில்டர் போட்டதுக்கு அதுதான் பொருத்தம்.

தேயிலைச்சரிவு:
இழுவை கூடாதுங்க. இது 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். கீழ் ஆர்பிஎம்ல இழுக்கிறதுக்குன்னே செஞ்ச இன்ஜின். பேஃபிளை எடுத்தா கலவை இளகும், கொண்டை ஊசியில ரெண்டாவது கியர்ல வெளிய வர்றப்பதான் அந்த இழப்பு தெரியும். இங்க தோட்டத்துக்கு நடுவுல காட்டெருமை நின்னுகிட்டிருக்கிற ரோட்ல அந்தச் சத்தத்தோட திரும்பினா அது எந்தப் பக்கம் பாயும்னு யாருக்கும் தெரியாது. தயவுசெஞ்சு இந்த யோசனையைச் சொல்லாதீங்க.

டக்டக்_ரசிகன்:
சத்தம் கேட்டாதானே மிருகம் ஒதுங்கும்? வளைவுல எதிர்ல வர்ற பஸ்காரருக்கும் தெரியும்.

தேயிலைச்சரிவு:
அதுக்குத்தான் ஹாரன் இருக்கு. அதுவும் போக, மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 படிச்சுப் பாருங்க. கம்பெனி கொடுத்த அமைப்பை நம்ம இஷ்டத்துக்கு மாத்தக்கூடாது. உயர ஹேண்டில்பார், சைலன்சர் எல்லாமே அதுல மாட்டும்.

டக்டக்_ரசிகன்:
அப்படிப் பார்த்தா ஒரு வண்டியையும் ஆசைப்பட்டு அழகு பண்ண முடியாது.

கொடநாடு_காத்து:
சைலன்சர் பேச்சு போதும்ங்க. அரவேணு தம்பி போன பதிவுல சொன்ன முக்கியமான விஷயத்தை எல்லாரும் தாண்டிப் போயிட்டோம். பொறி இருக்கு, பெட்ரோல் இருக்கு, கிக் லேசா இறங்குது. காம்ப்ரஷன் இல்ல. அப்ப கண்டென்சரும் இல்ல, டேங்க் மூடியும் இல்ல, ஜெட்டும் இல்ல. பிஸ்டன் டைட்டா பிடிச்சிருந்தா கிக்கர் கல்லு மாதிரி நின்னிருக்கும், அதுவும் இல்ல. சூட்டுல வால்வு மூடாம நிக்குது. என் சந்தேகம் எக்சாஸ்ட் டேப்பட், அதாவது புகை வெளியேறுற வால்வைத் தூக்கற பாகத்தோட இடைவெளி.

ஏன்னா, புதுசா கட்டின இன்ஜின்ல முதல் இருநூறு கிலோமீட்டருக்குள்ள ஹெட் கேஸ்கட்டும் பேஸ் கேஸ்கட்டும் அமுங்கும். சிலிண்டரும் ஹெட்டும் ஒரு மயிரிழை கீழ இறங்கும். டேப்பட்டுக்கு மேல நின்னு வால்வைத் திறக்க வைக்கிற புஷ்ராட் கம்பியோட நீளம் அதேதான், அதனால இடைவெளி போயிடும். புதுசா கிரைண்ட் பண்ணின வால்வும் சீட்டுல கொஞ்சம் உள்ள அமரும், தண்டு மேல வரும், அதுவும் இடைவெளியைத் தின்னும். காலைல குளிர்ல இம்மியளவு மிச்சம் இருக்கும், அதான் ஒரே கிக். மலை ஏறுறப்ப எக்சாஸ்ட் வால்வு தண்டு காய்ஞ்சு நீளும். அந்த மிச்சமும் போய், வால்வு திறந்தபடி நின்னுடும்.

இப்படியே ஓட்டாதீங்க. வால்வு சீட்டுல உட்கார்ந்தாதான் தன் சூட்டை ஹெட்டுக்குக் கடத்தும். உட்காரலைன்னா விளிம்பு கருகிடும், அப்புறம் புது வால்வு.

ராத்திரி முழுக்க ஆறவிட்டு காலைல பண்ணுங்க. முதல்ல டிகாம்ப்ரஷன் கேபிள். ஹேண்டில்பாரை உயர்த்தினீங்களே, கேபிள் பழைய நீளம்தானே? ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பிப் பாருங்க, லிவர்ல 2, 3 மில்லிமீட்டர் தொளதொளப்பு எப்பவும் இருக்கணும். அது இழுத்துப் பிடிச்சிருந்தா எக்சாஸ்ட் வால்வைத் தூக்கியே வெச்சிருக்கும், டேப்பட்டை எத்தனை தடவை வெச்சாலும் தப்பாத்தான் வரும்.

அடுத்து ஹெட் நட்டெல்லாம் குறுக்கும் நெடுக்குமா, கொஞ்சம் கொஞ்சமா, ஒரே சீரா இறுக்குங்க. இது டேப்பட்டுக்கு முன்னாடி. பின்னாடி இறுக்கினா ஹெட் மறுபடி இறங்கி வெச்ச அளவு போயிடும்.

அப்புறம் பிஸ்டன் காம்ப்ரஷன் மேல் நிலையில நிக்கணும். விளக்கெல்லாம் அணைச்சு சாவியைப் போடுங்க, டிகாம்ப்ரஷனைப் பிடிச்சுகிட்டு கிக்கரை மெதுவா நகர்த்துங்க. பாயின்ட் மூடினதும் ஆம்மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாயும். அது சட்டுனு நடுவுக்குத் திரும்பற இடத்துல நிறுத்துங்க. டிஸ்ட்ரிபியூட்டர் இன்ஜின் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான் பாயின்ட்டைத் திறக்கும், அதனால அது காம்ப்ரஷன் பக்கம்தான், சந்தேகம் வேண்டாம். லிவரை விட்டுட்டு சாவியை எடுத்துடுங்க, இல்லேன்னா காயில் சூடாகும்.

சிலிண்டர் வலது பக்கம் டேப்பட் மூடி, ஒரே நட்டு. உள்ள ரெண்டு புஷ்ராட். விரலால உருட்டினா லேசா சுத்தணும், மேல கீழ ஆடக்கூடாது. சுத்தலைன்னா லாக் நட்டைத் தளர்த்தி அட்ஜஸ்டரை இறக்குங்க, கால் சுத்தே அதிகம். மூணு ஸ்பேனர் வேணும்: ஒண்ணு டேப்பட்டைப் பிடிக்க, ஒண்ணு அட்ஜஸ்டருக்கு, ஒண்ணு லாக் நட்டுக்கு. லாக் நட்டை இறுக்கும்போது அட்ஜஸ்டரும் கூடவே திரும்பும், அதனால இறுக்கின பிறகு மறுபடி உருட்டிப் பார்க்காம மூடியை மாட்டாதீங்க.

ஊட்டி_மேல்மேடு:
பிளக் காப்பிக்கொட்டை நிறம்னா கலவை சரிதான், கோன் பில்டர் இளக்கினது உயரத்துக்கு ஈடாயிருக்கு. ஆனா கீழ சமவெளியில போறப்ப பிளக்கைத் தனியா பாருங்க, வெளுத்திருந்தா நீடிலை உயர்த்தணும். டேப்பட்ல ஒரு சந்தேகம். மலை ரோடுங்கறதால எக்சாஸ்ட்டுக்கு மட்டும் ஒரு காகித கனம் இடைவெளி விட்டா என்ன?

பழைய_பட்டறை:
வேண்டாம். இந்த இன்ஜினுக்குக் குளிர்ந்த நிலையில் இடைவெளி பூஜ்யம். சிலிண்டரும் ஹெட்டும் சூட்டில் வளரும், அதற்கு ஈடுகொடுக்கத்தான் அலுமினியப் புஷ்ராட். கூடுதல் இடைவெளி விட்டால் டேப்பட் அடிக்கும், கேம் தேயும். கொடநாட்டுக்காரர் சொன்ன வரிசை சரி. அதோடு, ஹெட்டில் வால்வை அமுக்கும் ராக்கருக்குப் போகும் எண்ணெய்க் குழாயின் போல்ட்டை ஐடிலில் அரைச் சுற்றுத் தளர்த்திப் பாருங்கள், எண்ணெய் கசிந்தால் பம்ப் வேலை செய்கிறது. டைமிங் கவருக்குள் கிராங்க் முனையில் உட்காரும் கார்க் சீலைப் புதிதாகப் போட்டீர்களா? பிரித்துக் கட்டுகிறவர்கள் விட்டுவிடுவது அதைத்தான். அது தேய்ந்திருந்தால் பிக் எண்டுக்கு (கனெக்டிங் ராடு கிராங்கில் சேரும் இடம்) எண்ணெய் போகாமல் பக்கத்தில் கசிந்துவிடும்.

பாயின்ட்_பிரியன்:
கிக் லேசுன்னு முதல்லயே சொல்லியிருந்தா கண்டென்சர்னு சொல்லியிருக்க மாட்டேன். இருந்தாலும் ஒண்ணு ஸ்பேரா டூல் பாக்ஸ்ல வெச்சுக்கங்க.

அரவேணு350:
கொடநாடு அண்ணா, எக்சாஸ்ட் புஷ்ராட் அசையவே இல்ல. டிகாம்ப்ரஷன் கேபிளும் ஹேண்டிலை இடது பக்கம் திருப்பினா இழுத்துச்சு, நீளக் கேபிள் போட்டேன். டேப்பட் வெச்சாச்சு. இன்னிக்கு மேட்டுப்பாளையம் போயிட்டு எங்கயும் நிக்காம வந்துட்டேன். எல்லாருக்கும் நன்றி.

கொடநாடு_காத்து:
சந்தோஷம் தம்பி. ஹெட் நட்டை முன்னாடியே இறுக்கினீங்களா?

பழைய_பட்டறை:
கார்க் சீல்?

கொடநாடு_காத்து:
நாலு நாளாச்சு, பதில் காணோம். தம்பி, இதைப் பார்த்தா ஹெட் நட்டை இறுக்கி, டேப்பட்டை மறுபடி வெச்சுடுங்க. இறுக்காம வெச்சிருந்தா கேஸ்கட் இன்னும் அமுங்கும், அடுத்த இருநூறு கிலோமீட்டர்ல குஞ்சப்பனையிலயே மறுபடி நிக்கும்.