ஈலிங் படங்களின் விசித்திர மனிதர்கள்: வெறும் செல்லங்கொஞ்சலா?

வெண்திரை:
மைக்கேல் பால்கன் தலைமையில் லண்டனின் ஈலிங் ஸ்டூடியோ எடுத்த நகைச்சுவைப் படங்களைப் பலரும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அவற்றின் மீது தீராத மனக்குறை உண்டு. அந்த வரிசையில் முதன்முதலில் வண்ணத்தில் வந்த 'தி டிட்ஃபீல்ட் தண்டர்போல்ட்' (1953) படத்தையே எடுத்துக்கொள்வோம். மூடப்படவிருக்கும் கிளை ரயில்பாதையைக் காப்பாற்ற ஊர்ப் பாதிரியார் எஞ்சின் ஓட்டுகிறார்; ரயிலில் மதுக்கூடம் இருந்தால் காலையிலேயே குடிக்கலாம் என்பதற்காக ஒரு செல்வந்தர் பணம் போடுகிறார். எல்லோரும் கிறுக்கர்கள், எல்லோரும் நல்லவர்கள். கூலிக்கு உழைப்பவனின் கவலை அந்தப் பச்சைப் பள்ளத்தாக்கில் எங்கே இருக்கிறது?

குறிஞ்சி:
அந்தப் படத்தைப் பற்றி நீங்கள் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் வேல்ஸ் நாட்டின் டாலிலின் ரயில்பாதையை 1951 முதல் தன்னார்வலர்களே ஓட்டத் தொடங்கியிருந்தார்கள் என்பதால், அந்தக் கிறுக்கு வெறும் கற்பனையன்று. நீங்கள் தேடும் கூலிக்காரர் அலெக்சாண்டர் மேக்கென்ட்ரிக் இயக்கிய 'தி மேன் இன் தி வைட் சூட்' (1951) படத்தில் இருக்கிறார். அழுக்குப் படியாத, கிழியாத துணியைக் கண்டுபிடித்தவனாக நடிக்கும் அலெக் கின்னஸை ஆலை முதலாளிகளும் தொழிலாளர்களும் சேர்ந்து துரத்துகிறார்கள். இருட்டில் பளபளக்கும் தன் உடையை மறைக்க ஏதாவது தரும்படி, துணி வெளுத்துப் பிழைக்கும் கிழவியிடம் அவன் கெஞ்சுகிறான். உலகில் துவைக்கவே துணி இல்லாமல் போனால் என் பிழைப்பு என்னாவது என்று அவள் கேட்கும்போது அவன் முகம் மாறுவதைப் பாருங்கள். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த நமக்கும் அங்கே சிரிப்பு வருவதில்லை.

வெண்திரை:
அந்தக் காட்சியின் வலிமையை மறுக்கவில்லை. ஆனால் அதே இயக்குநரின் 'தி லேடிகில்லர்ஸ்' (1955) என்ன செய்கிறது? லண்டனின் கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்தருகே திருமதி வில்பர்ஃபோர்ஸ் என்ற கிழவியின் வீட்டில் ஐந்து கொள்ளையர்கள் இசைக்குழுவாக நடித்து, இசையமைப்பாளர் பொக்கெரினியின் இசைத்தட்டை ஓடவிட்டுத் திட்டம் தீட்டுகிறார்கள். கடைசியில் ஐவரும் மாண்டுபோக, போலீசும் நம்பாததால் பணம் கிழவிக்கே சேருகிறது. வெள்ளந்தியாக இருந்தாலே போதும், எல்லாம் நல்லபடியாக முடியும் என்ற தாலாட்டுத்தானே இது?

குறிஞ்சி:
இல்லை நண்பரே, அந்த வீட்டைப் பாருங்கள். போர்க்காலக் குண்டுவீச்சில் தரை இறங்கியதால் சுவரில் ஒரு படம்கூட நேராகத் தொங்குவதில்லை. குழாயைச் சுத்தியலால் தட்டினால்தான் தண்ணீர் வருகிறது. அங்கே வாழும் கிழவியைப் பாவமான பாட்டி என்று தள்ளிவிட முடியாது. அவளுடைய மரியாதையே ஓர் அதிகாரம். கொள்ளையடித்த பணம் வீட்டுக்குள் இருக்க, அவளுடைய தோழிகள் தேநீருக்கு வந்துவிட, ஐந்து முரடர்களும் கையில் கோப்பையுடன் பள்ளிப் பிள்ளைகள்போல் அடங்கி நிற்கும் காட்சியில் யார் யாருக்குப் பணிகிறார்கள்? எழுதிய வில்லியம் ரோஸ் அமெரிக்கர். மேக்கென்ட்ரிக் அமெரிக்காவில் பிறந்து கிளாஸ்கோவில் வளர்ந்தவர். தன் வீட்டுப் பாட்டியைக் கொஞ்சுகிற பார்வையில் அவர்கள் அவளைப் பார்க்கவில்லை. பழைய இங்கிலாந்து எவ்வளவு இடிந்தாலும் எதிரே நிற்பவனைப் பணியவைக்கும் என்பதை வெளியாளின் வியப்போடும் அச்சத்தோடும் பார்த்தார்கள்.

வெண்திரை:
அச்சம் என்ற சொல்லை நான் யோசித்திருக்கவில்லை. அந்தத் தேநீர்க் காட்சியை இன்றிரவே மீண்டும் பார்க்கிறேன். மேக்கென்ட்ரிக்கை உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன், டிட்ஃபீல்டின் பாதிரியாரை அல்ல.