கடலோர ஸ்டேடியத்துக்குத் துணிக்கூரையா? தானே புயல் அடித்த ஊரில் பேசுகிறோம்

கெடிலக்கரை:
நேற்று மைதானம் பற்றிய பேச்சில் உப்பளத்தான் எழுதினது இது: “கடலூரிலோ புதுச்சேரியிலோ இனி ஸ்டேடியம் கட்டினால் சேப்பாக்கம் மாதிரி பிடிஎஃப்இ கூரைதான். இன்னும் உலோக ஷீட் பற்றிப் பேசுகிறவர்கள் முப்பது வருடம் பின்னால் நிற்கிறார்கள்.” படிச்சதிலிருந்து எரிச்சல் அடங்கல. அதனால தனியா ஆரம்பிக்கிறேன்.

2024 அக்டோபர் 9, மில்டன் சூறாவளி. ஃப்ளோரிடாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க், ட்ராபிகானா ஃபீல்ட் பேஸ்பால் ஸ்டேடியம். நீங்க கொண்டாடுற அதே சரக்குதான் கூரை: டெஃப்லான் பூசின கண்ணாடியிழைத் துணி. மொத்தம் 24 பட்டை, அதில் 18 கிழிஞ்சு தொங்குச்சு. மணிக்கு 115 மைல் காற்றைத் தாங்கும்னு சொல்லிக் கட்டினது. பக்கத்து விமான நிலையத்தில் பதிவான உச்ச வீச்சு 101 மைல். 115-க்குக் கட்டினது 101-ல் போச்சு. முதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க.

உப்பளத்தான்:
சொல்கிறேன் சார். அந்தக் கட்டடம் திறந்தது 1990-ல். புயல் அடித்தபோது துணிக்கு 34 வயது. பிடிஎஃப்இ துணிக்கு ஆயுள் 25, 30 ஆண்டு என்றுதான் யாரும் சொல்வார்கள். காலம் முடிந்த துணியைக் காட்டி புதுக் கூரைக்குத் தீர்ப்பு எழுதுகிறீர்கள்.

சேப்பாக்கத்தில் 2011 உலகக் கோப்பைக்காக ஐ, ஜே, கே ஸ்டாண்டுகள் எழுந்தன. லண்டன் ஹாப்கின்ஸ், சென்னை நடராஜன் அண்ட் வெங்கடேசன் நிறுவனங்கள் வடிவமைத்தவை. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையைக் கடந்தது. 16-ம் தேதி அதே மைதானத்தில் இங்கிலாந்துடன் டெஸ்ட் தொடங்கியது. டெல்லி நேரு ஸ்டேடியத்துக்கும் 2010 காமன்வெல்த் போட்டிக்காக இதே வகைக் கூரைதான் போட்டார்கள். அகமதாபாத்தில் 1,32,000 பேர் உட்காரும் மைதானத்துக்கும் இதேதான். அங்கே நிலநடுக்கத்துக்காகக் கூரையைக் கேலரியோடு சேர்க்காமல் தனியாகவே நிறுத்தியிருக்கிறார்கள். கூரை இலேசாக இருந்தால்தான் அது முடியும்.

கெடிலக்கரை:
டெல்லியிலும் அகமதாபாத்திலும் கடல் எங்கே இருக்கு? வர்தா கரையேறும்போது காற்று தானேவைவிடக் குறைவு. 2011 டிசம்பர் 30-ல் தானே நம்ம தலைமேல மணிக்கு 140 கிலோமீட்டர் வரைக்கும் வீசுச்சு. பலா, முந்திரி எல்லாம் வேரோட சாய்ஞ்சதைப் பார்த்த மாவட்டம் இது. டெஸ்ட் மேட்ச் நடந்தது கூரைக்குச் சான்றிதழ் ஆகாது, அன்னிக்குக் கரித்தணல் வச்சு பிட்ச்சைக் காயவச்சாங்க, அவ்வளவுதான். வயசைச் சொல்லி நழுவாதீங்க. 115-க்குக் கட்டினது 101-ல் போச்சா, இல்லையா?

தேவனாம்பட்டினம்:
தானே 140 என்று சொல்லி நிறுத்தினால் போதாது. வானிலை மையம் சொல்வது 3 நிமிடச் சராசரி. காற்று விசைக்கான இந்திய விதிநூல் ஐஎஸ் 875 மூன்றாம் பாகம் கேட்பது 3 விநாடி வீச்சு. ஒரே புயலில் இரண்டாவது எண் ஏறக்குறைய 1.3 மடங்கு வரும். அதனால்தான் நம் கரைக்கு அடிப்படை வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர்.

கணக்கைப் போட்டுவிடுகிறேன். அடிப்படை வேகத்தைச் சில எண்களால் பெருக்க வேண்டும். கட்டட ஆயுளுக்கான எண் கே1: நூறாண்டுக் கட்டடம் என்றால் 1.08. நிலப்பரப்புக்கும் உயரத்துக்குமான எண் கே2: கடலைப் பார்த்த திறந்தவெளி, 20 மீட்டர் உயரம் என்றால் 1.12. 2015-ல் விதிநூலைத் திருத்தியபோது புயலுக்காகக் கே4 என்று ஒன்றைச் சேர்த்தார்கள். கிழக்குக் கரையில் 60 கிலோமீட்டர் அகலப் பட்டைக்குள் அது உண்டு: புயலுக்குப் பின் தேவைப்படும் கட்டடத்துக்கு 1.30, தொழிற்கூடத்துக்கு 1.15, மற்றவைக்கு 1. ஸ்டேடியத்தை நிவாரண முகாமாக வைத்துக்கொள்ளப்போகிறோம் என்றால் 1.30 எடுக்க வேண்டும். பெருக்கினால் நொடிக்கு 78.6 மீட்டர். அழுத்தம் 0.6 பெருக்கல் வேகத்தின் வர்க்கம், சதுர மீட்டருக்குச் சுமார் 3,700 நியூட்டன். எடையாகச் சொன்னால் 378 கிலோ. கே4 இல்லாமல் போட்டால் 224 கிலோ. கூரை துணியா ஷீட்டா என்பதற்கு முன்னால் இந்த இரண்டில் எது என்று முடிவு செய்யுங்கள்.

உப்பளத்தான்:
மிகச் சரி. 115 மைல் என்பது நொடிக்கு 51 மீட்டர். நம் விதிப்படி 78.6. விசைக் கணக்கில் 2.3 மடங்கு. ட்ராபிகானா நம் விதிநூலுக்கு முன்னால் நிற்கவே முடியாது. அதை எதற்கு இங்கே இழுத்து வருகிறீர்கள்?

கெடிலக்கரை:
காகிதத்தில் எண்ணை ஏத்தினா துணி தடிக்குமா? 51 மீட்டருக்குக் கணக்குப் போட்டது 45 மீட்டர்லேயே போச்சுன்னா கணக்குக்கும் நடப்புக்கும் இடைவெளி இருக்குன்னு அர்த்தம். அந்த இடைவெளியைத்தான் கேட்கிறேன். ரெண்டு பேர் மாத்தி மாத்தி எழுதியும் அதைத் தொடக்கூட இல்ல.

இன்னொண்ணு. கேலரிக் கூரைன்னா பின்பக்கம் சுவர், மத்த மூணு பக்கமும் திறப்பு. முன்னால வர்ற காற்று பின்சுவர்ல மோதி வழியில்லாம கூரையைக் கீழேயிருந்து மேல தள்ளும். மேற்பரப்புல ஓடுற காற்று மேல உறிஞ்சும். ரெண்டும் ஒரே திசை. மூணு பக்கம் திறந்த கேலரிக்குன்னு விதிநூல்லேயே தனி அட்டவணை இருக்கு, அதைத் திறந்து பாருங்க. துணி எடை சதுர மீட்டருக்கு ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ. 378 கிலோ தூக்குதலுக்கு எதிரா அது என்னத்தைப் பிடிச்சு நிறுத்தும்?

மஞ்சக்குப்பம் மேஸ்திரி:
அண்ணே, ஷீட் மட்டும் என்ன எடை? 0.5 மில்லி ஷீட் சதுர மீட்டருக்கு அஞ்சு கிலோ தேறாது. ஷீட்டைத் தாங்குற குறுக்குச் சட்டம், அதாவது பர்லின், சேர்த்தாலும் பதினஞ்சுதான். எடையால நிக்கிற கூரை ரெண்டுமே இல்ல, பிடிமானத்தாலதான் நிக்குது. இங்க நடக்கிறதைச் சொல்றேன். ஷீட் கிழியறது அபூர்வம். ஸ்க்ரூ தலை ஷீட்டைத் துளைச்சுக்கிட்டு மேல வந்துடும். முதல்ல போறது எப்பவும் ஓரத்து மூலை ஷீட்தான். அது கிளம்பினதும் காத்து அடியில புகுந்து வரிசையா உரிச்சுடும். நடுவுல 1.2 மீட்டருக்கு ஒரு பர்லின்னா, ஓரத்து ரெண்டு மீட்டருக்கு 75 சென்டிமீட்டரா குறைக்கணும். அங்க ஷீட் நெளிவுல ஒரு மேடு விட்டு ஒரு மேடு ஸ்க்ரூ போடக்கூடாது, எல்லா மேட்டுலேயும் அகலமான சைக்ளோன் வாஷரோட போடணும். ட்ரில்லை விடாம அழுத்தினா ரப்பர் வாஷர் பிதுங்கி ஓட்டையைச் சுத்தி உப்புத் தண்ணி நிக்கும். கடல் பக்கம் ரெண்டு மூணு வருஷத்துல ஸ்க்ரூ கழுத்து அரிச்சுப் போயிடும், மேல பார்த்தா தலை மட்டும் பளபளன்னு இருக்கும்.

உப்பளத்தான்:
கேட்டுக்கொள்ளுங்கள் கெடிலக்கரை சார். ஷீட் போடுகிறவரே சொல்கிறார். 1974 கிறிஸ்துமஸ் அன்று ஆஸ்திரேலியாவின் டார்வினை ட்ரேசி புயல் துடைத்துப் போட்டதே, அங்கே பறந்தது முழுக்க உலோக ஷீட். மணிக்கணக்கில் காற்று மேலும் கீழும் ஆட்டியதில் ஸ்க்ரூவைச் சுற்றி விரிசல் விழுந்து, பிறகு ஒன்றாகக் கழன்றது. அதற்கப்புறம்தான் அங்கே ஷீட்டையும் பிடிமானத்தையும் ஆயிரக்கணக்கான முறை ஆட்டிப் பார்க்கும் சோதனையே வந்தது. பறக்கிற ஷீட் ஆளை வெட்டும், கிழிந்த துணி அந்த இடத்திலேயே தொங்கும். ட்ராபிகானாவிலும் எஃகுச் சட்டமும் கேபிளும் நின்றன.

கெடிலக்கரை:
50 வருஷம் முந்தைய வீட்டு ஷீட்டைத் தூக்கிட்டு வர்றார்! என் ஆதாரத்துக்கு வயசு 34, ஆகாதாம். அவர் ஆதாரத்துக்கு வயசு 50, அது மட்டும் செல்லுமாம்.

ஷீட்தான் கடைசி வார்த்தைன்னு நான் எங்கேயும் சொல்லல. 150 மில்லி கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு 375 கிலோ. தேவனாம்பட்டினம் போட்ட 378-க்கு அது கிட்டத்தட்ட சமமா எதிர்ல நிக்குது, ஒரு போல்ட் இல்லாம. அகமதாபாத் நவரங்கபுரா ஸ்டேடியத்தில் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியாவும் பொறியாளர் மகேந்திர ராஜும் 1960-கள்ல கான்கிரீட்டை மடிச்சு மடிச்சு, முன்பக்கம் ஒரு தூண்கூட இல்லாம கேலரிக் கூரையை நீட்டினாங்க. மாட்ரிட்டில் பொறியாளர் டொரோஹா 1935-ல் குதிரைப் பந்தயத் திடலுக்குப் போட்ட மெல்லிய கான்கிரீட் கூரை ஓரத்துல வெறும் 5 சென்டிமீட்டர் தடிமன். புதுமைன்னா அது. பிளாஸ்டிக் பூசின துணியை இழுத்துக் கட்டுறது கல்யாணப் பந்தல்காரன் தினமும் செய்யற வேலை.

வைசியாள் வீதி:
5 சென்டிமீட்டர் கூரையைக் கடலோரத்தில் போடச் சொல்கிறவர் கான்கிரீட்டுக்கான விதிநூல் ஐஎஸ் 456-ஐயும் திறந்து பார்க்கட்டும். கடல்நீர்ச் சாரல் படும் இடத்தில் கம்பிக்கு மேல் 50 மில்லி கான்கிரீட் மூட வேண்டும், கான்கிரீட்டின் தரம் எம்35-க்குக் குறையக் கூடாது. மொத்தத் தடிமனே 50 மில்லி என்றால் கம்பியை எங்கே வைப்பீர்கள்? மாட்ரிட்டில் கடல் இல்லை சார். டெல்லிக்குக் கடலைக் கேட்ட நீங்கள் அதற்கும் கேட்டிருக்க வேண்டும். உப்பு உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்து ஊதினால், கான்கிரீட் பத்தை பத்தையாகப் பார்வையாளர் தலையில் விழும்.

பந்தல் என்று ஏளனம் செய்ததற்கும் பதில். பந்தல் துணி தட்டையாகக் கிடக்கும், காற்று வந்தால் படபடக்கும். இந்தக் கூரையில் ஒவ்வொரு இடமும் ஒரு திசையில் மேலாகவும் குறுக்கே கீழாகவும் வளையும், குதிரைச் சேணம் போல. மேலே தூக்கினால் ஒரு திசை இழைகள் பிடிக்கும், கீழே அழுத்தினால் மறு திசை பிடிக்கும். 1972-ல் மியூனிக் ஒலிம்பிக் திடலுக்கு ஜெர்மன் கட்டடக் கலைஞர் ஃப்ரை ஒட்டோ கேபிள் வலையில் செய்தது இந்த வளைவுதான். காற்றே இல்லாதபோதும் ஒரு மீட்டர் அகலத்துக்கு 400, 500 கிலோ இழுவையை உள்ளே ஏற்றி வைப்பார்கள்.

கெடிலக்கரை:
அந்த இழுவை தளர்ந்தா என்ன ஆகும்? அதைச் சொல்லாம விட்டுட்டீங்க. தளர்ந்தா படபடக்கும், படபடத்தா ஓரத்துக் கிளாம்ப்ல கிழியும். கண்ணாடியிழையை ஒரு தடவை மடிச்சாலே இழை முறியும். தொழிற்சாலையிலிருந்து சுருளா வர்றதை இங்க இறக்குறவன் மடிச்சுத் தூக்கினான்னா, அந்த மடிப்புக் கோட்டில் கிழிசல் ஆரம்பிக்கும். சரிவு குறைஞ்ச இடத்துல தண்ணி தேங்கும். தேங்கின எடைக்குத் துணி தொய்யும், தொய்ஞ்சா இன்னும் தேங்கும். ஃபெங்கல் புயல் 2024 டிசம்பர் 1 காலைக்குள்ள 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 45 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு. மழையோட சேர்ந்துதான் காற்றும் வரும். மான்ட்ரியலில் 1999 ஜனவரியில் கூரைத் துணி கிழிஞ்சு உள்ளே கொட்டினதைப் படிங்க.

உப்பளத்தான்:
மான்ட்ரியலில் கொட்டியது பனி. கடலூரில் பனி பெய்கிறதா? மழைத் தண்ணீர் ஓடிவிடும், பனி உட்கார்ந்துகொள்ளும். வைசியாள் வீதி சொன்ன வளைவு சரியாக அமைந்தால் தேக்கத்துக்கே இடமில்லை.

கெடிலக்கரை:
‘சரியாக அமைந்தால்’. உங்க வாதம் முழுக்க இந்த ரெண்டு வார்த்தையிலதான் தொங்குது. யார் அமைப்பாங்க? பிடிஎஃப்இ-யை ஒட்ட 300 டிகிரிக்கு மேல சூடு வேணும், தளத்தில் வச்சு முழுப் பட்டையை ஒட்டிட முடியாது. ஒரு பட்டை கிழிஞ்சா வெளியிலிருந்து வரணும், அதுவரைக்கும் கேலரி மூடித்தான் கிடக்கும். ஷீட்டுன்னா வழியில போற லாரியை நிறுத்தி இறக்கிடலாம்.

தேவனாம்பட்டினம்:
கே4 எவ்வளவு என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

வைசியாள் வீதி:
மூடிக் கிடப்பது பற்றிப் பேசுகிறீர்களா? சேப்பாக்கத்தில் அந்த மூன்று ஸ்டாண்டுகளும் பல வருடம் பூட்டிக் கிடந்தது அனுமதிச் சிக்கலால். கூரை ஒரு காரணமே இல்லை. அதையும் துணி தலையில் கட்டிவிடாதீர்கள். கடலூர்க்காரர்களுக்குப் புதிதாக எது வந்தாலும் முதலில் பயம், அப்புறம் கோபம்.

மஞ்சக்குப்பம் மேஸ்திரி:
ஊரை இழுக்காதீங்க. புதுச்சேரியில கடல் காத்து பட்ட இரும்புக் கிராதியெல்லாம் எந்த லட்சணத்துல இருக்குன்னு பீச் ரோட்டுல நடந்தாலே தெரியும். அழகா வரையத் தெரிஞ்சா போதாது, அதுக்கு வருஷா வருஷம் பெயின்ட் அடிக்க ஆள் வேணும்.

கெடிலக்கரை:
மேஸ்திரி சொன்னது நூத்துக்கு நூறு. பராமரிப்புன்னு ஒரு வார்த்தை எழுதாம ரெண்டு பேரும் வடிவத்தை மட்டும் பாடிக்கிட்டிருக்காங்க. வைசியாள் வீதிக்கு எங்க மேல என்ன கோபம்னு தெரியும். போன மாசம் துறைமுகப் பாலம் பத்தின பேச்சில் தோத்தது இன்னும் ஆறல.

வைசியாள் வீதி:
பாலப் பேச்சில் பாதியில் ஓடியது யார் என்று படித்தவர்களுக்குத் தெரியும்.

மஞ்சக்குப்பம் மேஸ்திரி:
உப்பளத்தான் சார், ஒரே கேள்வி. துணி ஓரத்தை அலுமினியப் பட்டை வச்சுப் பிடிக்கிறீங்கல்ல, அந்த போல்ட் என்ன உலோகம்? அலுமினியத்துல ஸ்டெயின்லெஸ் போல்ட் நேரா பட்டா உப்புக்காத்துல அலுமினியம் வெள்ளையாப் பூத்து உதிர்ந்துடும்.

உப்பளத்தான்:
316 கிரேடு ஸ்டெயின்லெஸ் போல்ட். நடுவில் நைலான் புஷ்ஷும் வாஷரும் வைத்து இரண்டு உலோகமும் தொடாமல் பிரிப்பார்கள். கேபிளுக்கு வெறும் ஜிங்க் பூச்சு போதாது, 95 சதவீதம் ஜிங்க், 5 சதவீதம் அலுமினியம் சேர்ந்த கால்ஃபான் பூச்சு வேண்டும். முதல் வருடம் முடிந்ததும் இழுவையை அளந்து, கேபிளை முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிளில் மறுபடி ஏற்றுவார்கள். இதெல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன்.

கெடிலக்கரை:
ஏத்துவாங்க, பிரிப்பாங்க, அளப்பாங்க. அந்த நைலான் புஷ் வெயில்ல பொரிஞ்சு உதிர எத்தனை வருஷம்? அதை மாத்தணும்னா இழுவையை இறக்காம போல்ட்டைக் கழட்ட முடியுமா? அதுக்குப் பதில் எழுதுங்க. கூடவே 115-க்குக் கட்டினது 101-ல் ஏன் போச்சுன்னும் எழுதுங்க, இன்னும் வரல.

உப்பளத்தான்:
எழுதியாயிற்று. மேலே போய்ப் படியுங்கள்.

மஞ்சக்குப்பம் மேஸ்திரி:
இழுவையை இறக்காம ஒவ்வொரு போல்ட்டா மாத்தலாம்ணே, பக்கத்துப் போல்ட்டைத் தொடாம வச்சுக்கிட்டுத்தான் செய்யணும். ஆனா 20 மீட்டர் உயரத்துல துணிக்கு அடியில நின்னு செய்ய சாரத்தை எதுல சாத்துவாங்கன்னு எனக்குப் புரியல.