தலையணைகளுக்கு வகுப்பெடுத்தவள் பள்ளியில் வாய் திறக்கவில்லை

திருப்பூரிலிருந்து ஓர் அம்மா:

என் மகளுக்கு இப்போது ஏழு வயது. எல்.கே.ஜி.யில் சேர்ந்து எட்டு மாதம் வகுப்பில் ஒரு சொல்கூடப் பேசவில்லை. ஒன்றுக்குப் போக வேண்டும் என்று கேட்கக்கூட வாய் வராது; நனைந்த பாவாடையோடு வீடு திரும்பிய நாட்கள் உண்டு. வீட்டிலோ செருப்பைக் கழற்றுவதற்குள் பேச்சு தொடங்கிவிடும். தலையணைகளை வரிசையாக உட்கார வைத்துப் பாடம் நடத்துவாள். ஆசிரியையின் குரலிலேயே அதட்டுவாள்.

முதலில் காட்டிய இடத்தில் பதினைந்து நிமிடம்தான். பெயரைக் கேட்டார்கள், தலையைக் குனிந்துகொண்டாள். ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். "வீட்டில் நன்றாகப் பேசுகிறாள்" என்றேன். "எல்லா அம்மாக்களும் அப்படித்தான் சொல்வார்கள்" என்றார்கள். படியிறங்கும்போது என் காதுகள் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. ஒன்றரை ஆண்டு, அவளுக்குப் பொருந்தாத பயிற்சிகளுக்கு அலைந்தோம்.

பிறகு கோவையில் ஒரு குழந்தை மனநல மருத்துவர். முதலில் காது கேட்கிறதா என்று பெரா பரிசோதனை செய்யச் சொன்னார். வீட்டில் அவள் பேசும் வீடியோவைக் கேட்டு வாங்கி, அந்தத் தலையணை வகுப்பை இரண்டு முறை போட்டுப் பார்த்தார். ஆசிரியைக்குத் தனியாக ஒரு கேள்வித்தாள் கொடுத்தனுப்பினார். யாரிடம், எங்கே, எவ்வளவு குரலில் பேசுகிறாள் என்று இரண்டு வாரம் குறித்து வரச் சொன்னார். அந்த நோட்டைப் புரட்டியபோதுதான் எங்களுக்கே விளங்கியது: பாட்டியிடம் உரக்க, மாடிப்படியில் கிசுகிசுப்பாக, பள்ளி வாசலில் வேன் நின்றதும் மௌனம். ஆட்டிசம் இல்லை என்பதையும் சோதித்து உறுதி செய்த பின், நான்காவது சந்திப்பில்தான் பெயர் சொன்னார்: செலக்டிவ் மியூட்டிசம். பிடிவாதம் அல்ல, பயத்தில் குரல் அடைத்துக்கொள்ளும் பதற்றக் கோளாறு.

பேசு என்று வற்புறுத்தக் கூடாது என்றார். பள்ளி விட்ட பின் காலி வகுப்பறையில் நானும் அவளும் விளையாடினோம். சில நாள் கழித்து ஆசிரியை கதவருகே நின்றார். பிறகு ஒரு பெஞ்சு தள்ளி உட்கார்ந்தார். போன மாதம் அவர் காதில் "தண்ணீர்" என்றிருக்கிறாள்.

மதுரையிலிருந்து ஓர் அப்பா:

என் மகனுக்குக் கவனக் குறைவு, ஏ.டி.எச்.டி. என்றார்கள். பள்ளி நிரப்பிய படிவம் ஒன்றே ஆதாரம். கையில் இட்லித் துண்டோடு அவன் பத்து நொடி உறைந்துபோவதையும், இமை துடிப்பதையும், பிறகு ஒன்றும் நடக்காததுபோல் மெல்வதையும் கவனித்தவள் என் மனைவிதான். நரம்பியல் மருத்துவர் ஒரு காகிதத் துண்டைக் காட்டி விடாமல் ஊதச் சொன்னார். இரண்டு நிமிடத்துக்குள் அதே உறைவு, எங்கள் கண்ணெதிரே. மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி.யிலும் தெரிந்தது: ஆப்சென்ஸ் வலிப்பு, சில நொடி நினைவு தப்பி உறையும் வகை. மாத்திரையில் நின்றுவிட்டது. இப்போது எந்த மருத்துவரிடம் போனாலும், வேறு எந்த நோய் இதே மாதிரித் தோன்றும் என்று கேட்டுவிடுகிறேன்.

திருப்பூர் அம்மா:

அந்தக் கேள்வியை நான் அன்றே கேட்டிருக்க வேண்டும், அண்ணா. புதிய அறிக்கையைக் கொடுத்த பிறகும் பள்ளிக் கோப்பில் ஆட்டிசம் என்ற பழைய பெயரே இருக்கிறது. அதை மாற்ற வைத்தவர்கள் கடிதத்தில் என்ன எழுதிக் கொடுத்தீர்கள்?