டேங்க் ஃபார்முக்குள் சொந்த மொபைலில் போட்டோ எடுக்கச் சொல்கிறார்கள், ஏரோப்ளேன் மோட் போதுமா?

கான்ட்ராக்ட்_தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, பெட்ரோல், டீசல் இருப்பு வைக்கும் ஒரு டெர்மினலில் இன்ஸ்ட்ருமென்ட் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. பெட்ரோல் டேங்க் மேலே, அளவுகோல் இறக்கும் மூடியான டிப் ஹேட்ச் பக்கத்தில் இருக்கும் லெவல் டிரான்ஸ்மிட்டர்களின் (எண்ணெய் மட்டத்தைக் காட்டும் கருவிகளின்) நேம் பிளேட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார் சூப்பர்வைசர். கேட்டில் மொபைலை வாங்கி வைத்துவிடுவார்கள், ஆனால் அங்கே அவரே பேசி உள்ளே விடச் சொல்வதாகச் சொல்கிறார். "ஏரோப்ளேன் மோடில் போடு, பங்க்கில் ஊரே ஜிபே பண்ணவில்லையா" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. வேலையும் போய்விடக் கூடாது. என்ன செய்வது?

வெல்டர்_மாமா:
ஏரோப்ளேன் மோட் போட்டால் சிக்னல் நின்றுவிடும். அப்புறம் என்ன பயம்?

ஷிப்ட்_சேஃப்டி:
மாமா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பயம் சிக்னலில் இல்லை, பேட்டரியில் இருக்கிறது. போன் கைதவறி டேங்க் படியில் விழுந்து லித்தியம் பேட்டரி உள்ளே ஷார்ட் ஆனால், எந்த மோடில் இருந்தாலும் சூடாகும், தீப்பொறியும் வரும். காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். அதைப் பற்றவைக்க ஒரு மில்லிஜூலில் கால் பங்கு போதும். சட்டையைக் கழற்றும்போது வருகிற 'சட்' என்ற பொறியிலேயே அவ்வளவு இருக்கும்.

பங்க்கை இதோடு ஒப்பிட வேண்டாம். அங்கே பணம் கட்டுகிறவர் தள்ளி நின்று கட்டுகிறார். தம்பி நிற்கப்போவது டேங்க் மூச்சு விடுகிற வாய்ப் பக்கத்தில்.

தம்பி, கன்ட்ரோல் ரூமில் எக்ஸ் சான்று (வெடிக்கக்கூடிய வாயு உள்ள இடத்துக்கான சான்று) உள்ள போன் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதன் முதுகில் உள்ள லேபிளை அப்படியே இங்கே எழுதுங்கள்.

கான்ட்ராக்ட்_தம்பி:
இருக்கிறது அண்ணா. பெல்ட் கிளிப்பைத் தூக்கிப் பார்த்தேன். "எக்ஸ் ஐசி டூ-சி டி4 ஜிசி" என்று இருக்கிறது. இதை எடுத்துக்கொண்டு மேலே ஏறலாமா?

ஷிப்ட்_சேஃப்டி:
கூடாது. டூ-சி என்றால் ஹைட்ரஜன் வரைக்கும் தாங்கும் வாயுப் பிரிவு, நல்லதுதான். டி4 என்றால் மேற்பரப்பு 135 டிகிரியைத் தாண்டாது, அதுவும் சரி. இடிப்பது, பாதுகாப்பு எவ்வளவு என்று சொல்லும் ஐசியும் ஜிசியும்தான். அவை ஸோன் 2-க்கு மட்டும். அதாவது, வாயு வழக்கமாக இருக்காது, எப்போதாவது கசிந்தால் கொஞ்ச நேரம் இருக்கும் என்கிற இடத்துக்கு. டிப் ஹேட்ச், டேங்க் மூச்சு விடும் வென்ட் சுற்றுப்புறம் ஸோன் 1, அதாவது வழக்கமான வேலையின்போதே வாயு வரக்கூடிய இடம். டைக் சுவருக்குள் (டேங்க்கைச் சுற்றி, எண்ணெய் கசிந்தால் தடுக்கக் கட்டிய சுவருக்குள்) இருக்கும் வடிகால் குழியும் அப்படித்தான், பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், பள்ளத்தில் போய்த் தங்கும். ஸோன் 1-க்கு லேபிளில் ஐபி, ஜிபி வேண்டும், அல்லது அதற்கும் மேலான ஐஏ, ஜிஏ.

இன்னொன்று. அந்தப் போனின் மூலைகளைப் பாருங்கள்.

கான்ட்ராக்ட்_தம்பி:
கீழ் மூலையில் ரப்பர் பிய்ந்திருக்கிறது அண்ணா, உள்ளே திருகின் தலை தெரிகிறது. சார்ஜரும் வெளியில் வாங்கினது.

ஷிப்ட்_சேஃப்டி:
அப்படியானால் அதை ஸோன் 2-க்குக்கூட எடுத்துப் போகாதீர்கள். சான்று கொடுத்தது முழுசாக இருந்த போனுக்கு. டேக் கட்டி ஸ்டோரில் ஒப்படைத்துவிடுங்கள். இந்த மாதிரிப் போனை, தயாரித்த கம்பெனி சொல்லியிருக்கும் சார்ஜரில், பாதுகாப்பான இடத்தில் மட்டுமே சார்ஜ் போட வேண்டும்.

மஸ்கட்_ஃபிட்டர்:
ஸ்மார்ட் வாட்ச், புளூடூத் இயர்பட், பைக் ரிமோட் சாவி, இதெல்லாம் யாருக்கும் ஞாபகம் வராது. போனைக் கேட்டில் கொடுத்துவிட்டு வாட்சோடு உள்ளே போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அதற்குள்ளேயும் அதே லித்தியம்தான் தம்பி.

கான்ட்ராக்ட்_தம்பி:
என் கையிலும் ஒன்று இருக்கிறது, இனிமேல் லாக்கரில் வைத்துவிடுகிறேன். ஆனால் போட்டோவுக்கு என்ன வழி?

ஷிப்ட்_சேஃப்டி:
கட்டாயம் போட்டோதான் வேண்டும் என்றால் ஹாட் ஒர்க் பர்மிட் (தீப்பொறி வரக்கூடிய வேலைக்கான எழுத்து அனுமதி) போடச் சொல்லுங்கள். நிற்கிற இடத்திலும் கீழே தாழ்வாகவும் கேஸ் டெஸ்ட் எடுத்து, வாயு இருக்கிறதா என்று பார்க்கும் மீட்டர் பூஜ்யம் காட்டினால்தான் சாதாரண கேமரா உள்ளே வரலாம். வேலை முடிகிறவரை மீட்டர் பக்கத்திலேயே ஓட வேண்டும், டேங்க்கில் எண்ணெய் ஏற்றுவதோ இறக்குவதோ கூடாது. ஆனால் நேம் பிளேட்டில் ஐந்தாறு வரிதானே? நோட்டும் பேனாவும் போதாதா? சூப்பர்வைசரிடம் "மாட்டேன்" என்று சொல்லாதீர்கள். "பர்மிட் போட்டுத் தருகிறீர்களா, இல்லை எழுதிக்கொண்டு வரட்டுமா சார்" என்று கேளுங்கள்.

கான்ட்ராக்ட்_தம்பி:
அப்படியே கேட்டேன் அண்ணா. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், அப்புறம் "எழுதிக்கொண்டு வா" என்றார். இன்று நான்கு டேங்க் முடித்தேன். ஒரு பிளேட்டில் பெயின்ட் அப்பியிருந்தது, துணியால் துடைத்து சீரியல் நம்பரை விரலால் தடவித்தான் படித்தேன். மீதி இரண்டு டேங்க்கை நாளைக்கு முடிப்பேன்.