மறு: ‘மறுபிறவி’ சரியா? புனப்பவத்துக்கு ஒரு சொல்

குழுமத்தாருக்கு வணக்கமுங்க. நம்ம பௌத்தக் கலைச்சொல் பட்டியலில், ‘புனப்பவம்’ என்ற பாலிச் சொல்லுக்குத் தமிழில் என்ன போடலாம் என்ற பேச்சுக்கு என் மறுமொழி இது.

> மறுபிறவின்னு எல்லாருக்கும் தெரிஞ்ச சொல் இருக்கையில புதுசு எதுக்குங்க?

ஈரோட்டு அண்ணா கேட்டது நியாயம். எதுக்குன்னு சொல்லிப்போடறேன். ‘மறுபிறவி’ என்று எழுதின உடனே ஒருத்தர் செத்து, அதே ஆள் இன்னொரு வயிற்றில் பிறக்கிற காட்சிதான் மனசுக்கு வரும். பாலியில் புனப்பவம் அவ்வளவு சொல்வதில்லை. ‘புன’ மறுபடி, ‘பவம்’ ஆதல். பிறப்புக்கு ‘ஜாதி’ என்று அந்த மொழியிலேயே தனிச்சொல் உண்டு. ஒன்றைச் சார்ந்து அடுத்தது தோன்றும் என்று பௌத்தம் அடுக்கும் பன்னிரு சார்புகளில் பவம் பத்தாவது, ஜாதி பதினொன்றாவது.

மணிமேகலையில் அந்த வரிசையைப் பாருங்கள்: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். மற்றதுக்கெல்லாம் தமிழ் கண்ட சாத்தனார் பவத்தை மட்டும் தொடாமல் விட்டார். பிறப்புக்குத் ‘தோற்றம்’ போட்டவருக்கு இதற்கும் ஒரு சொல் கிடைக்காமலா போயிருக்கும்? இரண்டும் ஒன்றாகிவிடக் கூடாது என்று நினைத்திருப்பார் என்பது என் ஊகம். அதனால் என் பரிந்துரை: மறுபவம்.

> அப்படியானா ஒரு பொருள் நேர்ப்பொருள், இன்னொன்று உருவகப்பொருள்னு பிரிச்சிரலாமே.

திருப்பூர் அக்கா, ‘உருவகம்’ இங்கே பொருந்தாதுங்க. தாய்லாந்தின் புத்ததாச பிக்கு (1906–1993) ‘நான், எனது’ என்ற எண்ணம் எழும்போதெல்லாம் ஒரு பிறப்பு நடக்கிறது என்றார். அவருக்கு அதுதான் தம்ம மொழியில் நேர்ப்பொருள். தாய் வயிற்றுப் பிறப்பு மக்கள் மொழி. உருவகம் என்று நாம் எழுதினால் எதிர்க்கட்சி வாதத்தை அவர் வாயில் திணித்த மாதிரி ஆகும். பாலி நூல்தொகுதியான அபிதம்மத்தின் விபங்கம் என்ற நூலிலேயே பன்னிரண்டையும் ஒரே சித்த கணத்துக்குள், அதாவது ஒரு நினைவு எழுந்து அடங்கும் நொடிக்குள், வைத்துச் சொல்லும் பகுதி இருக்கிறது. உரையாசிரியர் புத்தகோசரோ அவற்றை மூன்று பிறவிக்குப் பிரித்து விரிக்கிறார். ஆகவே ‘பிறவிப் பொருள்’, ‘கணப் பொருள்’ என்று பிரிப்போம். கூடவே ஒன்று: மணிபல்லவத் தீவில் புத்த பீடிகையைக் கண்டு, முன்பிறப்பில் தான் இலக்குமி, உதயகுமரன் இராகுலன் என்று மணிமேகலை அறிகிற இடத்தைக் கணப் பொருளுக்கு வளைத்தால் காப்பியமே கழன்றுவிடும். அங்கே பிறவிதான்.

அடுத்தது படிசந்தி. ஒரு பிறவியின் கடைசிச் சித்தத்துக்கு அடுத்து எழும் முதல் சித்தம். ‘மறுதாம்பு’ (வெட்டின கரும்புக் கட்டை மறுபடி துளிர்ப்பது) என்று ஒருவர் எழுதியிருந்தார். கரும்புக்காட்டுக்காரர்களுக்கு இனிக்கும், ஆனால் மறுதாம்பில் பழைய கட்டை அப்படியே மண்ணில் கிடக்கிறது. ஒரே விஞ்ஞானம்தான் (உணர்வுதான்) பிறவிதோறும் ஓடுகிறது என்ற ஸாதி பிக்குவைப் புத்தர் கண்டித்தது இந்தக் கட்டைக்காகத்தான்.

எனக்குத் தோன்றுவது பிணைப்பு. சோமனூர்ப் பக்கம் ஒரு தறிக்குடோனில் பாவு (தறியின் நீளவாட்டு நூல்) பிணைக்கிறதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பழைய பாவு தீர்ந்து, நுனிகள் மட்டும் விழுதிலும் அச்சிலும் கோத்தபடி நின்றன. அந்த அம்மா விரலில் சாம்பல் தொட்டு, பழைய நுனி ஒன்று, புதுப் பாவின் நுனி ஒன்று, இரண்டையும் சேர்த்து ஒரு முறுக்கு. கண் அந்தப் பக்கம் போகவே இல்லை. பக்கத்து ஆளோடு சந்தை விலை பேசிக்கொண்டே ஆயிரக்கணக்கான இழை. அப்புறம் தறி ஓடியது. முன்னால் போட்ட அதே கோப்பில் சேலை நீண்டது, பழைய நூல் ஓர் அடிகூடக் கூட வரவில்லை. ராத்திரி முழுக்க எரியும் விளக்கை நாகசேன பிக்கு மிலிந்த அரசனுக்குக் காட்டியது இதற்குத்தானே: அதே சுடரும் இல்லை, வேறு சுடரும் இல்லை.

> ‘பவக்கடல்’னு பாடிப் பழகின காதுக்கு உங்க பவமும் பிறவியாத்தான் கேக்கும்.

கரூர் ஐயா, இந்த அடி பலமாகத்தான் விழுந்தது. (சமயக்கணக்கர்களிடம், அதாவது பல சமய வாதிகளிடம், மணிமேகலை பாடம் கேட்ட வஞ்சி உங்க ஊர்தான் என்பதை இந்த இழையில் மறுக்கப் போவதில்லை. வஞ்சி கொடுங்கல்லூர்தான் என்கிற கட்சியார் வேறு இழை தொடங்கட்டும்.) பக்திப் பாட்டில் பவம் பிறவியாகிவிட்டது உண்மை. ஆனால் சம்பவம், அனுபவம், உற்பவம் என்று ‘ஆதல்’ பொருளிலும் அது நம் வாயில் புழங்கத்தான் செய்கிறது. வினையாக்கினால் மட்டும் ‘மறுபவிக்கிறது’ என் காதுக்கே ஒப்பலை. ‘மறுபடி ஆகிறது’ என்று எழுதிக்கொள்ளலாம்.

---

> மறுபவம் சரி, எடுத்துக்கலாம். பிணைப்புதான் இடிக்குது. முடிச்சுன்னா பழசும் புதுசும் ஒரே நேரத்துல இருக்கோணுமே? சித்தத்துல முன்னது அடங்கித்தானே பின்னது எழும்புது?

அண்ணா, முடிச்சு இல்லீங்க, முறுக்கு. ஆனா நீங்க சொல்ற பிழை முறுக்குக்கும் பொருந்துது. முறுக்குற அந்த நொடியில ரெண்டு நுனியும் விரல்ல இருக்குதே. வேறு சொல் வரும்வரை பட்டியலில் ‘பிணைப்பு’ பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வைக்கிறேன்.