மண் நுண்ணுயிரியா, படுகை நுண்ணுயிரியா?

கழிவுநீரைச் சுத்திகரிக்க அமைக்கும் ஈரநிலங்களில் வேலை செய்யும் நுண்ணுயிரிகளை ‘மண் நுண்ணுயிரிகள்’ என்றே எழுதி வருகிறோம். காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்று அமைக்கும் பல ஈரநிலங்களில் மண்ணே கிடையாது. பள்ளம் தோண்டி, நீர் கசியாத விரிப்பைப் போட்டு, சரளைக்கல்லோ மணலோ நிரப்பி, மேலே நாணலையோ சம்பையோ நட்டுவிடுகிறார்கள். கழிவுநீர் கல்லிடுக்கு வழியாகத்தான் போகிறது.

‘மண்’ என்ற சொல்லுக்கு ஒரு வரலாறும் உண்டு. ஜெர்மனியில் 1950களில் கேத்தே சைடல் நீர்த்தாவரங்களை வைத்துச் சோதனைகளைத் தொடங்கினார். அவருக்குப் பின் வந்த ரைன்ஹோல்ட் கிக்குத், களி கலந்த மண்ணை நிரப்பும் முறையை முன்வைத்தார். வேர்கள் மண்ணில் வழி திறந்துவிடும், நீர் உள்ளே இறங்கும் என்பது எதிர்பார்ப்பு. நடைமுறையில் பல இடங்களில் நீர் உள்ளே இறங்காமல் மேலாகவே ஓடியது. அதனால் சரளைக்கு மாறினார்கள். பொருள் மாறியபின் பெயர் மட்டும் ஏன் மண்ணிலேயே நிற்க வேண்டும்?

இயங்கிக்கொண்டிருக்கும் ஈரநிலம் ஒன்றிலிருந்து ஒரு கல்லை எடுத்துப் பாருங்கள். விரலில் வழுவழுவென்று ஒட்டும். அந்த வழுவழுப்புதான் உயிர்ப்படலம். நுண்ணுயிரிகள் தாமே சுரந்த பசையில் குடியிருக்கும் இடம். நீரில் மூழ்கிய படுகையின் ஆழத்தில் எடுத்த கல் கறுத்திருக்கும், அழுகிய முட்டை வாடையும் வரும். அங்கே ஆக்சிஜன் இல்லை; சல்பேட்டிலிருந்து பிறந்த சல்பைடு இரும்போடு சேர்ந்து கறுப்பாகப் படிந்திருக்கிறது. அதே படுகையில் நாணல் வேரை உருவினால் மேலே செம்பழுப்புப் பூச்சு தெரியும். தண்டின் காற்றுக்குழல் வழியே இறங்கிய ஆக்சிஜன் வேரிலிருந்து கசிந்து இரும்பைத் துருவாக்கியதன் அடையாளம் அது. சில மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு உலகங்கள், அவற்றில் இரண்டு வகைக் குடிகள்.

சரி, ‘வேர்மண்டல நுண்ணுயிரிகள்’ என்று வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கலாம். 1904இல் ஜெர்மன் ஆய்வாளர் லோரென்ஸ் ஹில்ட்னர் பெயரிட்ட அந்த மண்டலம் வேரை ஒட்டிய மெல்லிய பகுதி மட்டுமே. கல்மேல் இருக்கும் பெருங்கூட்டம் அதில் அடங்காது. அதனால் என் பரிந்துரை ‘படுகை நுண்ணுயிரிகள்’. ஆற்றுப்படுகை என்று ஏற்கெனவே புழங்கும் சொல். மண், மணல், சரளை, வேர் எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருக்கிறது.

‘செயற்கை ஈரநிலம்’ என்பதும் எனக்கு உவப்பில்லை. செயற்கைப் பல், செயற்கை இழை என்று கேட்டுப் பழகியவர்களுக்கு அது போலி என்று தொனிக்கும். நாம் அமைப்பது பள்ளமும் கல்லும் செடியும்தான். நுண்ணுயிரிகள் கழிவுநீரோடு தாமே வந்து சேர்கின்றன. ‘அமைத்த ஈரநிலம்’ போதும்.

அப்புறம், டீநைட்ரிஃபிகேஷன்: நுண்ணுயிரிகள் நீரில் உள்ள நைட்ரேட்டை வளியாக, அதாவது வாயுவாக, மாற்றி வெளியேற்றும் வேலை. இதில்தான் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ‘நைட்ரஜன் நீக்கம்’ என்றால் செடி உறிஞ்சுவது, அம்மோனியா ஆவியாவது எல்லாம் அதில் வந்துவிடும். ‘நைட்ரேட் ஒடுக்கம்’ (நைட்ரேட்டிலிருந்து ஆக்சிஜனைப் பறிப்பது) வேதியியல்படி சரியே, ஆனால் சில நுண்ணுயிரிகள் நைட்ரேட்டை ஒடுக்கி மறுபடி அம்மோனியமாக ஆக்கிவிடுகின்றன. அப்படி நடந்தால் நைட்ரஜன் நீரைவிட்டு வெளியேறவே இல்லை. சுத்திகரிப்பவருக்கு அது நேர் எதிரான விளைவு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைக்கலாமா? டீநைட்ரிஃபிகேஷனின் தனி அடையாளம் அது வளியில் முடிவது. பெரும்பாலும் நைட்ரஜன் வளி, பாதியில் நின்றால் நைட்ரஸ் ஆக்சைடு. ஆகவே ‘நைட்ரேட் வளியாக்கம்’. நைட்ரஸ் ஆக்சைடு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வளி என்பதால், ‘முழு வளியாக்கம்’, ‘அரைகுறை வளியாக்கம்’ என்று பிரித்துப் பேசவும் இந்தச் சொல் வளைந்து கொடுக்கும். இதன் முன்னடியான, அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நைட்ரிஃபிகேஷனுக்கு ‘நைட்ரேட்டாக்கம்’ என்பதில் சிக்கல் இல்லை.

சொற்கள் நிற்குமா என்று பார்க்க ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

“அம்மோனியாவில் உள்ள 1 கிராம் நைட்ரஜன் முழுதாக நைட்ரேட்டாவதற்குச் சுமார் 4.57 கிராம் ஆக்சிஜன் தேவை. கிடைப்பாய்வுப் படுகை (நீர் பக்கவாட்டில் ஓடுவது) எப்போதும் நீரில் மூழ்கியிருப்பதால் அவ்வளவு ஆக்சிஜன் கிடைக்காது, நைட்ரேட்டாக்கம் மந்தமாகும். செங்குத்துப்பாய்வுப் படுகையில் (நீர் மேலிருந்து கீழே இறங்குவது) நீரை விட்டுவிட்டு ஊற்றுவதால் இடைவேளைகளில் காற்று உள்ளே புகும். எனவே முதலில் செங்குத்துப் படுகையில் நைட்ரேட்டாக்கம், அடுத்துக் கிடைப்படுகையில் நைட்ரேட் வளியாக்கம் என்று இரண்டையும் இணைப்பதுண்டு. இரண்டாவதில் படுகை நுண்ணுயிரிகளுக்குப் போதிய கரிமப்பொருள் மிச்சமிருக்க வேண்டும்.”

எந்தச் சொல் இடறுகிறது என்று சத்தமாக வாசித்துப் பார்த்துச் சொல்லுங்கள். எனக்குக் ‘கிடைப்பாய்வு’ மட்டும் இன்னும் முழுதாகப் படியவில்லை.