புதுப்பிப்பு: வில்லின் நாணொலி அடங்கியது

62 அங்குலம், 35 இறாத்தல் இழுவை கொண்ட என் மரவில், அம்பை விட்டதும் "டங்" என்று அதிர்கிறது, நடுக்கம் முழங்கை வரை ஏறுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். நாணில் கம்பளி கட்டுமாறு பலர் சொன்னீர்கள். நான் அதற்கு முன் வேறொன்றைச் செய்தேன். அதுதான் பெரும்பகுதியைத் தீர்த்தது.

வில்லின் கைப்பிடிக்கும் நாணுக்கும் இடைவெளி 7 அங்குலம்தான் இருந்தது. நாணைக் கழற்றி நான்கு முறுக்குக் கூட்டுவது, மூன்று அம்பு எய்து காதால் கேட்பது. இப்படியே பொறுமையாக ஏறினேன். முறுக்க முறுக்க நாண் குறுகும், இடைவெளி கூடும். 7.75 அங்குலத்தில் அந்த உலோக ஓசை மந்தமான "தப்" ஆக மாறியது. அந்த மாலை எவ்வளவு மகிழ்ந்தேன்!

பிறகு புறக்கோட்டையில் வாங்கிய கம்பளி நூலைக் குஞ்சமாக்கி, மேலே நாணின் கால் பங்கிலும் கீழே மூன்றிலொரு பங்கிலும் கட்டினேன். கொழும்பு மழையில் நனைந்தால் கனத்து, அம்பின் வேகத்தைக் குறைக்கும், கவனம்.

அம்பு முனையை 100 கிரெயினிலிருந்து (அம்பின் எடையை அளக்கும் சிறிய அலகு) 125க்கு மாற்றினேன். கனமான அம்பு வில்லின் ஆற்றலை அதிகம் எடுத்துச் செல்வதால், கைக்கு வரும் அதிர்வு குறைகிறது.

வில் முனைகளின் வளைவில் நாண் படும் இடத்தில் மெல்லிய தட்டல் மட்டும் எஞ்சியிருக்கிறது. அங்கே கம்பளித் துணி ஒட்டிப் பார்க்கப் போகிறேன்.